அப்பா தயாராகத்தான் இருந்தார், வீடுதான் தயாராக இல்லை

வீட்டில் வயது போன அப்பாவோ அம்மாவோ படுக்கையில் இருக்க, கூடப் பிறந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, ஊரில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான் என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில், என் அப்பா இறந்துபோனார். அவரை அடக்கம் செய்து முடிக்கும்வரை நான் பட்ட பாட்டை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் பாதி அலைச்சலும், கையை விட்டுப் போன காசில் பெரிய பங்கும் மிஞ்சியிருக்கும். துக்கத்தைப் பற்றி நான் பேச வரவில்லை, அது எப்படியும் வரும். அதோடு சேர்ந்து வருகிற மற்றதுகளைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது திருகோணமலையில், பாலையூற்றுப் பக்கம். அண்ணா கனடாவில், அக்கா பிரான்சில். என் கணவருக்குக் கொழும்பில் வேலை, லீவு கிடைத்தால் இரவு ரயிலில் வந்து போவார். அம்மா போய்ப் பல வருடம். ஆக வீட்டில் அப்பா, நான், சின்னப் பிள்ளைகள். அப்பாவைப் பற்றி ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லவேண்டும், பின்னால் வருகிற சண்டைக்கெல்லாம் அதுதான் அடி. அவர் தம்பலகாமத்தில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கரான அம்மாவைக் கட்டுவதற்கு முன் ஞானஸ்நானம் எடுத்தார். கலியாணத்துக்காக மாறினவர் என்று இரண்டு பக்கத்துச் சனமும் சொல்லும், ஆனால் அவரைப் போல வேதத்தில் ஊறின ஆளை எங்கள் கோயில் பங்கிலேயே நான் அதிகம் பார்த்ததில்லை. வின்சன்ட் டி போல் சபையில் வருடக் கணக்காக இருந்தார். ஏழைப்பட்ட வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கு ஒழுங்கு பண்ணுவதும் குழி வெட்ட ஆள் பிடிப்பதும் பாதருக்குச் சொல்வதும் அவர்தான். இறந்தவரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று நாங்கள் ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கினோம், அவர் செய்துகொண்டு திரிந்தார். அப்படிப்பட்ட மனுசன் தன்னுடைய சாவுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதி வைக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.

இதயம் பலவீனம். கிளினிக்கில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்றார். நான் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று காலையில் கட்டிலில் சாய்ந்து இருந்தபடி, “பாதரைக் கூப்பிடு பிள்ளை, வாய் பேசக்கூடியதா இருக்கிற நேரமே கூப்பிடு” என்றார். பக்கத்தில் மாமி இருந்தா, அப்பாவின் தங்கச்சி. குசினிக்குள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டா. “சாமியாரைக் கண்டா மனுசனுக்கு மனசு விட்டுப் போயிடும், கடைசி நேரத்தில பாப்பம்” என்றா. மாமி சைவம், அவவுக்கு எங்கள் முறை தெரியாது, அது வேறு கதை. ஆனால் கோயிலுக்கு வருகிற எங்கள் சனத்திலும் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். பூசுதல், அதாவது நோயாளிக்குப் பாதர் எண்ணெய் பூசிச் செபிப்பது, மூச்சு இழுக்கிற நேரத்தில் செய்வது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 1963ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் இது சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது அல்ல, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்று எழுதிவிட்டது. யாக்கோபுவின் கடிதத்தில் 5ஆம் அதிகாரமும் நோயாளிதான் மூப்பர்களைக் கூப்பிடவேண்டும் என்கிறது. கூப்பிட அவருக்கு அறிவும் குரலும் இருக்கவேண்டுமே. பாவங்களைப் பாதரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கும் அப்படித்தான், மயக்கத்தில் கிடக்கிறவர் என்னத்தை வாய்விட்டுச் சொல்ல முடியும்? உயிர் பிரிந்த பிறகு பாதர் வந்து செபிப்பார், ஆனால் பூச மாட்டார், அது உயிரோடு இருப்பவருக்கான அருட்சாதனம். ஆகவே மாமியைப் போல யாராவது குசினிக்குள் பிடித்துக் கதைத்தால் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பாதருக்குக் கோல் எடுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுதிரி, தீர்த்தம், ஒரு கிளாஸ் தண்ணீர், நற்கருணை அப்பத்தை முழுங்கக் கஷ்டப்பட்டால் ஒரு கரண்டி. பாதர் உள்ளே வந்தவுடன் டிவியை நிற்பாட்டி எல்லோரும் வெளியே போய், பாவசங்கீர்த்தனத்துக்கு இடம் விடுங்கள். அன்றைக்கு அப்பா கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் கதைத்தார். பாதர் வெளியே வந்து, “சித்தப்பாவைக் கூப்பிடச் சொல்லுறார்” என்றார்.

சித்தப்பாவும் அப்பாவும் ஒரு காணி எல்லைக்காகப் பேசாமல் இருந்தவர்கள். வேலி அரை அடி உள்ளே வந்தது வெளியே போனது என்று தொடங்கி, அம்மாவின் செத்த வீட்டுக்குக்கூட சித்தப்பா தெருவில் நின்றுவிட்டுத்தான் போனார். நான் கோல் எடுத்தபோது மறுபக்கத்தில் சத்தமே இல்லை, கட் ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அடிக்கடி வந்து அப்பாவுக்குக் கஞ்சி பருக்கினார். தவக்காலம் முழுக்க அப்பா தனக்கு ஒழுங்குபடுத்த வேண்டியதை ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்திக்கொண்டு இருந்திருக்கிறார், பாவசங்கீர்த்தனம், பூசுதல், தம்பியோடு சமாதானம், முதல் வெள்ளியில் நற்கருணை. மேலே போவதற்கான ஆயத்தம் எல்லாம் சரி. கீழே விட்டுப் போகிற எங்களுக்கான ஆயத்தம்தான் ஒன்றுமில்லை, அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்கள் பேச்சை எடுக்கவும் யாரும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு போனார். பாதர் தூரத்தில் ஒரு ஊரில் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார், போன் எடுபடவில்லை. நான் சிலுவையை அப்பாவின் கையில் வைத்து, செபப் புத்தகத்தில் மரண வேளைச் செபத்தைத் தேடி, பக்கம் கிடைக்காமல், அருள் நிறைந்த மரியாயேயைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, நீங்கள் மடித்து வையுங்கள். பாதர் வர முன் உயிர் போய்விட்டது. அது என்னை மிகவும் வதைத்தது. பிறகு பாதர்தான் விளக்கினார். சாகும் நேரத்தில் குரு இல்லாவிட்டாலும், நல்ல மனதோடு இருந்து வாழ்நாளில் செபித்து வந்த ஒருவருக்குத் திருச்சபை நிறைபலனை, அதாவது பாவங்களுக்குரிய மிச்சத் தண்டனையிலிருந்து முழு விடுதலையைத் தருகிறது, அந்த நேரத்தில் சிலுவையைப் பாவிப்பது நல்லது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இதை நான் முன்னமே அறிந்திருந்தால் அந்த இரவில் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

இனி அலைச்சல். வீட்டில் இயற்கையாக இறந்தால் கிராம சேவகர் வந்து பார்த்து அறிக்கை தரவேண்டும், அதைக் கொண்டுபோய்த்தான் பதிவாளரிடம் மரணத்தைப் பதிய முடியும். திடீர் மரணம் என்றால் பொலிஸ், திடீர் மரண விசாரணை அதிகாரி என்று அது வேறு பாதை. அப்பாவின் கிளினிக் கொப்பி கையில் இருந்தது, நெடுநாள் நோயாளி என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அது பெரிய உதவி. அந்தக் கொப்பியை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஆனால் சனிக்கிழமை காலையில் எங்கள் ஜீ.எஸ்., அதுதான் கிராம சேவகர், வார இறுதிக்கு ஊருக்குப் போய்விட்டார், அவருடைய நம்பரும் என்னிடம் இல்லை. பக்கத்துப் பிரிவில் கடமை பார்க்கிறவரைத் தேடிப் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவர் வந்து, சுற்றி நின்றவர்கள் சொன்ன பெயரை எழுதினார். அங்கேதான் அடுத்த சிக்கல். ஊருக்கும் கோயிலுக்கும் அப்பாவைத் தெரிந்தது ஞானஸ்நானப் பெயரில். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் இருப்பது தாத்தா வைத்த சைவப் பெயர். பதிவாளரிடம் போனபோது பெயர் பொருந்தவில்லை, திரும்பி வந்து திருத்தி எடுத்துக்கொண்டு போகவேண்டியதாகிவிட்டது. போதாததற்கு அப்பாவின் தாய் தகப்பனின் முழுப் பெயரையும் கேட்டார்கள். அப்பம்மாவை நான் அப்பம்மா என்றுதானே கூப்பிட்டது! மதம் மாறினவர்கள் இருக்கிற குடும்பங்கள் இதைக் கவனியுங்கள், இரண்டு பெயரையும், தாய் தகப்பன் பெயரையும், பிறந்த இடத்தையும் ஒரே தாளில் எழுதி அடையாள அட்டைப் பிரதியோடு வையுங்கள். மரணச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழைத்தால் பிறகு வங்கியிலிருந்து காணிக் கந்தோர் வரைக்கும் அந்தப் பிழை பின்னாலேயே வரும்.

சனிக்கிழமை பின்னேரம் சண்டை தொடங்கியது. பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, நல்லவர்தான், இரவு முழுக்க எங்களோடு நின்றவர். “எங்கட பரம்பரையில புதைக்கிறது இல்லை. பெரியாக்கள் எல்லாருக்கும் கன்னியாவிலதான் அந்தியேட்டி செய்தது, சித்தப்பாவுக்கும் எரிச்சுப்போட்டு அங்க செய்வம்” என்றார். அவருக்குச் சித்தப்பா என்றால் என் அப்பா. கன்னியா எங்கள் பக்கத்து வெந்நீர்க் கிணறுகள் இருக்கிற இடம், அந்தியேட்டி சாவுக்குப் பிறகு செய்கிற சைவக் கிரியை. நான் மாட்டேன் என்றேன். போனில் தேடி, “உங்கட சபையே எரிக்க விடுதாம்” என்று காட்டினார். உண்மைதான், 1963ஆம் ஆண்டிலிருந்து தகனத்துக்குத் தடை இல்லை. ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கக்கூடாது, கல்லறை மாதிரி புனிதமான இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016இல் வத்திக்கான் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விளக்கும் நிலையில் நான் இல்லை. “அம்மாவின் குழியில்தான் என்னை வைக்கவேண்டும் என்று அப்பா சொன்னார்” என்று மட்டும் சொன்னேன். “உனக்கு மட்டுமா சொன்னவர்?” என்று மாமி கேட்டா. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு மட்டும்தான் சொன்னார், அதுவும் ஒரு நாள் மருந்து குடிக்கும்போது. அந்த வீட்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் கதை கட்டுகிறவள் மாதிரி நின்றேன். கடைசியில் சித்தப்பா எழும்பி, “எனக்கும் சொன்னவன்” என்றார். உண்மையில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. வாயால் சொன்ன விருப்பம் சாவோடு பலவீனப்பட்டுப் போகும். எழுதி, கையெழுத்து வைத்து, சண்டை பிடிக்கக்கூடிய ஆட்களுக்கு முன்னாலேயே ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அம்மாவின் குழி சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், எங்கே என்று தெரியும், ஆனால் குழிக்கான ரசீதுத் துண்டு இல்லை, எத்தனையோ இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. நல்ல காலம், கோயிலில் இறந்தோர் பதிவேடு இருக்கும், அடக்கம் செய்தவர்களின் விவரம் அதில் எழுதப்படவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அம்மாவின் அடக்கத் தேதி எனக்குச் சரியாகத் தெரிந்திருந்ததால் பாதர் பக்கத்தைப் புரட்டி எடுத்துவிட்டார். பழைய குழியைத் திறக்க எவ்வளவு காலம் சென்றிருக்கவேண்டும், கட்டணம் எவ்வளவு, மேலே கட்டின கல்லை யார் உடைத்துத் திரும்பக் கட்டுவது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறு, உங்கள் பங்கில் இப்போதே கேட்டு வையுங்கள்.

இதுக்குள் இன்னொரு கூத்து. அண்ணாவின் விமானம் ஞாயிறு விடியப் புறம் கட்டுநாயக்காவில் இறங்கும், அங்கிருந்து வான் பிடித்து மத்தியானத்துக்குள் திருகோணமலைக்கு வந்துவிடலாம். ஆகவே ஞாயிறு மூன்று மணிக்கு அடக்கம் என்று ஒரு மச்சான் தானாகவே பத்திரிகைக்கும் வானொலிக்கும் அறிவித்தல் கொடுத்துவிட்டார், பாதரிடம் யாரும் கேட்கவில்லை. பாதர் சொன்னார், தவக்கால ஞாயிறில் அடக்கத் திருப்பலி, அதாவது அடக்கப் பூசை, வைக்க முடியாது. கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக்கால ஞாயிறுகளும் ஈஸ்டரை ஒட்டிய பாஸ்காக்கால ஞாயிறுகளும் கட்டாயம் பூசைக்குப் போகவேண்டிய கடன் திருநாட்களும் பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரைக்குமான நாட்களும் அப்படித்தான். இறைவார்த்தை வழிபாட்டோடு அடக்கம் செய்யலாம், பூசையை வேறொரு நாளில் வைக்கலாம். எனக்கு அது போதும் என்று இருந்தது, உடம்பை இன்னொரு நாள் வைத்துக்கொண்டிருக்க மனமில்லை. ஆனால் அண்ணா டோஹாவில் இருந்து போனில் அழுகிறார், அக்கா பிரான்சில் இருந்து கத்துகிறா, “கோயிலுக்கு இவ்வளவு உழைச்ச மனுசனுக்குப் பூசை இல்லையா” என்று ஊரும் கேட்கிறது. திங்களுக்கு மாற்றினோம். திரும்ப அறிவித்தல், திரும்பக் காசு. தகரப் பந்தலும் கதிரைகளும் இன்னொரு நாள், இரவு நின்றவர்களுக்குத் தேத்தண்ணீர், சாப்பாடு, பெட்டியும் அடக்க ஒழுங்கும் செய்கிற மலர்ச்சாலைக்காரருக்கு மேலதிகக் கட்டணம், பாண்ட் வாத்தியக்காரருக்கு ஞாயிறுக்குக் கொடுத்த அச்சவாரம் நட்டம். கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு மாற்றத்துக்கே 70,000 ரூபாய்க்கு மேலே. யாராவது இறந்தால் முதல் கோல் பாதருக்கு, இரண்டாவது கோல் மற்ற எல்லோருக்கும். இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

பெட்டிக் கதையும் இருக்கிறது. நடு இரவில் அல்பத்தைத் திறந்து காட்டினால் யார் விலை பேசுவார்கள்? 185,000 ரூபாய்ப் பெட்டியை உறவுகள் தெரிவு செய்தார்கள், “அண்ணா வெளிநாட்டில, குறைஞ்சதில வைச்சா சனம் என்ன சொல்லும்” என்று. ஏழைகளுக்கு எளிய பலகைப் பெட்டி ஒழுங்கு பண்ணிக்கொடுத்த மனுசன் அதைப் பார்த்திருந்தால் திட்டியிருப்பார். அந்த இரவுக்கு வேண்டிய காசும் என்னிடம் இல்லை. அப்பாவின் பாஸ் புத்தகத்தில் காசு இருந்தது, ஆனால் அவர் பெயரில் மட்டும். ஆள் இறந்த பிறகு அதில் கை வைக்க முடியாது. கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள், இல்லாவிட்டால் பின்னுரித்தாளர், அதாவது பிறகு அந்தக் காசைப் பெறவேண்டியவர், பெயரையாவது கொடுங்கள். மரண உதவிச் சங்கத்தில் அப்பா உறுப்பினர்தான், ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு சந்தா கட்ட ஆளில்லை, அந்த உதவியும் வரவில்லை. நகை அடகு வைத்துத்தான் முதல் கொடுப்பனவு போனது. அண்ணாவும் அக்காவும் பிறகு அனுப்பினார்கள், அதில் குறையில்லை. ஆனால் அந்த இரவில் தேவைப்படுவது வீட்டில் இருக்கிற காசு.

இப்போது நான் யாரிடமாவது இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். சைவச் சொந்தம் அபசகுனம் என்கிறது. எங்கள் சனம், குறிப்பாகச் செபக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள், “கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார், இதெல்லாம் விசுவாசக் குறைவு” என்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்குக் கோபம் வரச் செய்கிறது. எபிரேயருக்கு எழுதிய கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள், விசுவாச வீரர்களின் வரிசை அது. அதில் யோசேப்பைப் பற்றி 22ஆம் வசனம் எதைச் சொல்கிறது? எகிப்து முழுவதையும் ஆண்டதையா, பஞ்சத்தில் சனத்தைக் காப்பாற்றினதையா? இல்லை. சாகும் நேரத்தில் இஸ்ரயேலர் எகிப்தை விட்டுப் போகப் போவதைச் சொல்லி, தன்னுடைய எலும்புகளை என்ன செய்யவேண்டும் என்று கட்டளை கொடுத்ததைத்தான் விசுவாசம் என்று எழுதியிருக்கிறது. ஆபிரகாம் சாராவை அடக்கம் செய்ய மக்பேலா குகையை வாங்கினபோது, சும்மா தருகிறோம் என்றவர்களிடம் வேண்டாம் என்று சொல்லி, ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருக்க 400 வெள்ளி செக்கேல் நிறுத்துக் கொடுத்தார். இவர்களுக்கு விசுவாசம் குறைவா? எங்கள் ஆண்டவருக்குக்கூட அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறைதான் உதவியது. யாரோ ஒருவர் முன்யோசனையாகச் செய்து வைத்தது.

நான் இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால், ஒரு பெரிய கவர். உள்ளே என் அடையாள அட்டைப் பிரதி, ஞானஸ்நானப் பத்திரம், கலியாணப் பத்திரம், அம்மா அப்பாவின் குழி விவரம், புதிதாக எடுத்த துண்டு, பாதரின் நம்பர், எங்கள் ஜீ.எஸ். நம்பர், பக்கத்துப் பிரிவு ஜீ.எஸ். நம்பர், சங்கச் சந்தாப் புத்தகம். அதோடு என் கையெழுத்தில் ஒரு பக்கம். எந்த வாசகம் வாசிக்கவேண்டும், பெட்டி 60,000 ரூபாய்க்கு மேலே போகக்கூடாது, பாண்ட் வேண்டாம், பூசை வைக்க முடியாத நாள் என்றால் பூசைக்காக உடம்பை வைத்திருக்க வேண்டாம், பிறகு வைக்கலாம். இதன் பிரதி அண்ணாவுக்கும் அக்காவுக்கும் போனில் அனுப்பினேன். அக்கா கோபித்துக்கொண்டு நெடுநாள் பேசவில்லை, பிறகு தானும் ஒன்று எழுதி அனுப்பினா. மாமியை ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “என்னை மட்டும் கன்னியாவுக்குத்தான் கொண்டு போகவேணும், அதையும் எங்கயாவது எழுதி வை பிள்ளை” என்றா. எழுதி, அவவின் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். என் கணவர்தான் இன்னும் எழுதவில்லை, அடுத்த லீவுக்கு வரும்போது பார்ப்போம் என்கிறார்.